சிவப்பு மைக் கோடு

அத்தியாயம் பதினொன்று

ரேஷன் கடை வரிசையில் எப்போதும் மூச்சு விட இடம் இருக்காது. முன்னால் நிற்பவளின் கொண்டைப் பூ பின்னால் நிற்பவளின் மூக்கில் உரசும். அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அம்புரோஸ் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது, வரிசையின் நடுவே இரண்டு இடைவெளிகளைப் பார்த்தான். மைமூனுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒன்று. அவளுக்குப் பின்னால் அதே அளவுக்கு இன்னொன்று.

யாரும் பேசி வைத்துக்கொண்டு விட்டதல்ல. தானாக விழுந்திருந்தது.

அவள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டி இருபத்தெட்டு நாளாகிறது. பாகிஸ்தான் போய்விட்டவர்கள் விட்டுச் சென்ற வீடுவாசலை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் புதுச் சட்டம் வந்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. அதெல்லாம் வடக்கே எங்கோ நடக்கிற சங்கதி என்று ராயபுரத்தின் இந்தக் கப்பல்காரர் சந்து நினைத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு மொட்டைக் கடுதாசி போட்டார்கள். சட்டம் டிராமில் இருந்து இறங்கி நேராகச் சந்துக்குள் நடந்து வந்துவிட்டது.

'ரேஷன் பதிவேட்டின்படி, பஷீர் என்பவர் நிரந்தரமாகக் கராச்சிக்குக் குடிபெயர்ந்திருப்பதாகத் தெரியவருவதால்' என்று நோட்டீஸ் தொடங்கியது. பஷீர் மைமூனின் கணவன். விசாரணை நாளைக்கு.

அந்தப் பதிவேடு அம்புரோஸின் மேசைக்குள் இருந்தது. அதில் அந்த வரி அவன் கையெழுத்தில் இருந்தது.

இந்தச் சந்தில் பாதி ஆண்கள் கப்பலில் போகிறவர்கள். கரி தள்ளுகிறவர்கள், கயிறு இழுக்கிறவர்கள், சமைக்கிறவர்கள். ஆள் கப்பலேறியதும் வீட்டுக்காரி கார்டோடு வந்து அவன் பேரை எடுத்துவிடச் சொல்வாள். எடுக்காமல் அரிசி வாங்கினால் வழக்கு வரும். எடுப்பதற்கு இரண்டு வழி உண்டு. தற்காலிக நீக்கம் என்று போட்டால் மாதம் பிறக்கும்போதெல்லாம் அவள் ஃபாரம் எழுதி, இன்ஸ்பெக்டரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நிரந்தர நீக்கம் என்றால் ஒரே கோடு. சிவப்பு மையில் பேர்மேல் ஒரு கோடு இழுத்து, 'போன இடம்' என்ற கட்டத்தில் கப்பல் முதலில் பிடிக்கும் துறைமுகத்தின் பேரை எழுதினால் முடிந்தது. ஆள் திரும்பி வந்ததும் புதுப் பேராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடையில் சேர்ந்த நாள் முதல் அம்புரோஸ் அப்படித்தான் செய்து வந்தான். அந்தப் பெண்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று நினைத்தான். தனக்கும் வேலை மிச்சம் என்பதை அவன் மறுத்ததில்லை.

கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று எழுதிய வரையில் ஒரு வம்பும் வரவில்லை. ஆடி மாதத்தில் மைமூன் வந்து நின்றபோது, அதே கையால் கராச்சி என்று எழுதினான். எழுதும்போது அவன் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தான். எதை என்று இருபத்தெட்டு நாளாக யோசிக்கிறான். ஞாபகம் வரவில்லை.

மைமூனின் முறை வந்தது. அவள் பையை நீட்டிவிட்டுத் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். பின்னால் இருந்த இடைவெளி இன்று ஒரு விதத்தில் உதவியது. அவள் பேசுவது யார் காதிலும் விழாது.

"கடுதாசி வந்துச்சிண்ணே. கராச்சியில ஆஸ்பத்திரியில கீறாராம். சங்கிலி அறுந்து கால்மேல வுழுந்திருக்கு. கப்பலு அவர வுட்டுட்டு கெளம்பிடுச்சி."

அம்புரோஸ் அரிசியை அளந்து கொட்டினான்.

"திரும்பி வர்றதுக்கு பர்மிட்டு கேக்கறாங்களாம். நம்ம ஊருக்கு வர்றதுக்கு இன்னாண்ணே பர்மிட்டு?"

"கால் எப்டி கீதாம்?"

"அத்த எழுதல. எழுதலன்னாலே தெரியுதே." அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "நாளைக்கு ஆபீஸ்ல கேட்டா நீ சொல்லுவியாண்ணே? அன்னிக்கி நான் உன்கிட்டதான வந்து கப்பல்னு சொன்னேன். நீதான எழுதுன. அந்த ஒரு வார்த்தைய எடுத்துக் காட்டுனா போதும்னு நெனைக்கறேன்."

அவன் அளவுப் படியைக் கீழே வைத்தான்.

"நீதான் எழுதுனன்னு நான் யாராண்டயும் சொல்லல," என்றாள் மைமூன். "ஃப்ளோராவாண்ட கூட சொல்லல. உனுக்கு வேலை பண்ற எடத்துல பேஜாரு வரக்கூடாது பாரு."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் கப்பல் என்று எழுதியிருப்பான் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

"அடுத்த ஆள் வாங்க," என்றான் அம்புரோஸ்.

---

ஃப்ளோரா அவன் தங்கை. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். போன வருஷம் தெருப் பெண்களைக் காலிக் குடங்களோடு கூட்டிக்கொண்டு போய், அதிகாரிகள் வெளியே வரும்வரை வாசலில் உட்கார வைத்து, சந்துக்குக் குழாய் வாங்கி வந்தவள். அதில் இருந்து அவளுக்குக் குழாய் டீச்சர் என்று பேர். நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே ஒரு நீளத் தாளை எடுத்து, 'பஷீர் கப்பல் வேலைக்குப் போனவர், ஊரை விட்டுப் போனவர் அல்லர், அவர் குடும்பம் இங்கேதான் இருக்கிறது, இங்கேதான் இருக்கும்' என்று எழுதி, வீடு வீடாகக் கைநாட்டு வாங்கத் தொடங்கிவிட்டாள்.

அன்றே அவள் அம்புரோஸிடம் கேட்டிருந்தாள். "அண்ணே, அந்த நிரந்தரம்கிற வார்த்தைய யாரு எழுதறது? உங்க கடையா?"

"அதெல்லாம் ஆபீஸ்ல எழுதுறதும்மா. நாங்க லிஸ்ட் குடுக்கறதோட சரி."

அவள் உடனே நம்பினாள். அண்ணன் அவளிடம் பொய் சொன்னதே இல்லை. அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி நின்றுதான் அவனால் அந்தப் பொய்யைச் சொல்ல முடிந்தது.

---

பன்னிரண்டு மணிக்குத் துறைமுகச் சங்கு ஊதியதும் கடையைப் பாதி சாத்தினான். முதலாளி ஞானதுரை உள்ளே வந்தார்.

அவரைக் கெட்டவர் என்று அம்புரோஸ் ஒருநாளும் நினைத்ததில்லை. நாசரேத்துப் பக்கத்தில் இருந்து வந்து, தலைச்சுமையாகப் பருப்பு விற்று, கல்மண்டபத்தில் மொத்தக் கடை வைத்து, பிறகு இந்த ரேஷன் கடையையும் எடுத்தவர். அம்புரோஸுக்கு டைபாய்டு வந்தபோது டாக்டரை வண்டி வைத்துக் கூட்டி வந்தவர் அவர்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஃபவுண்டன் பேனா இருக்கும். மற்றபடி பகட்டு கிடையாது.

"சாப்பிட்டாச்சா வே?"

"இல்ல மொதலாளி. இனிமேதான்."

அவர் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கரி வண்டி ஒன்று கடகடத்துப் போய் முடியும்வரை காத்திருந்தார்.

"உம்ம தங்கச்சி ஏதோ காயிதத்துல கைநாட்டு வாங்குதாளாமே."

"தெருவுல சொல்றாங்க மொதலாளி."

"தெருவுல சொல்லுதாங்களா. வீட்டுல சொல்லலியாக்கும்."

அம்புரோஸ் தராசுத் தட்டைத் துடைத்தான்.

"எத்தன பேரு போட்டிருக்காவ?"

"எனக்குத் தெரியாது மொதலாளி."

"அறுவத்திமூணு," என்றார் ஞானதுரை.

அந்த எண்ணிக்கையை ஃப்ளோரா நேற்று மாலை வீட்டில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். அப்போது அங்கே இருந்தது மூன்றே பேர். அவன், ஃப்ளோரா, அவன் மனைவி அடைக்கலமேரி.

"எண்ணிக்கை தெரியும். பேருதான் தெரியல," என்றார் ஞானதுரை. "கார்டையெல்லாம் சரிபாக்கணும்னு நெனச்சிருக்கேன். எல்லா வீட்டையும் ஒரே நாள்ல பாக்க முடியுமா? எங்கயாவது தொடங்கணும்லா. நீரு சாயங்காலம் அந்தக் காயிதத்தப் பாத்து பேரு எழுதி வையும். நானே வந்து வாங்கிக்கிடுதேன்."

"மொதலாளி, அவங்க நம்ம கார்டுக்காரங்கதான். பாவப்பட்ட ஜனங்க."

"நான் யாரையும் அடிக்கவா சொன்னேன்? கார்டைப் பாக்கணும்னுதான சொல்லுதேன்." அவர் எழுந்து கடையின் பின்சுவரைத் தட்டினார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பஷீரின் அப்பா கட்டிய ஓட்டு வீடு. "ஐப்பசி பொறந்தாச்சி. மூட்ட நனையுது. நான் யாரையும் போவச் சொல்லல வே. போனவன் போயிட்டான். சர்க்கார் எடுத்து ஏலம் போட்டா நாலு பேரு கேக்கதப் போல நானும் கேப்பேன். இதுல என்ன தப்பு?"

அம்புரோஸுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஒரு மூட்டையைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தான்.

"நாலு மணிக்கு ஆபீஸ் பியூன் வருவான். பதிவேட்டைத் துணியில கட்டி வையும்."

அவர் போனார். அம்புரோஸ் கொண்டு வந்த சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. மேசை முன் உட்கார்ந்து சங்குக்குப் பிறகு வரும் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தான். கிரேன்கள் நின்றிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் மைமூன் எதையோ இடிக்கும் சத்தம் மட்டும் வந்தது. ஒரு இடி, ஒரு இடைவெளி, ஒரு இடி.

ஒரு வார்த்தை. கராச்சி என்பதற்குப் பக்கத்தில் 'கப்பல்' என்று ஒரு வார்த்தை. அது பொய்யும் இல்லை. அவள் சொன்னாள், அவன் எழுதாமல் விட்டுவிட்டான். இப்போது எழுதினால் மூன்று மாதம் தாமதம், அவ்வளவுதான்.

மேசையைத் திறந்து பதிவேட்டை எடுத்தான். பேனாக் கட்டையை மையில் தோய்த்தான். நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டினான்.

பஷீரின் பேர்மேல் சிவப்புக் கோடு. கட்டத்தில் கராச்சி. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

'குடும்பமும் பின்னால் செல்ல உள்ளது என மனைவி தெரிவித்தார்.'

அவன் கையெழுத்து. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, வரி முடிவில் அவன் இழுக்கும் அதே வால். அம்புரோஸ் அதை நாலைந்து முறை படித்தான். ஒரு கணம், தானே எழுதி மறந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தான். அன்று வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தவன்தானே.

பிறகு மையைப் பார்த்தான். கடை மை அவன் வில்லையைக் கரைத்துத் தண்ணீர் அதிகமாக விட்டுக் கலக்குவது. ஒரு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மங்கிவிடும். பக்கம் முழுக்க அப்படித்தான் மங்கியிருந்தது. இந்த வரி மட்டும் நாவற்பழத் தோல் மாதிரி கறுத்திருந்தது. ஃபவுண்டன் பேனாவில் ஊற்றுகிற மை.

அவன் பேனாவில் இருந்து ஒரு சொட்டு மேசைமேல் விழுந்தது. பதிவேட்டின்மேல் விழவில்லை. அதற்குக்கூட அவன் கை கவனமாக இருந்தது.

இனி எதை எழுதினாலும் மூன்றாவது வரி ஆகும். இந்த வரி பொய் என்று சொன்னால், உன் கையெழுத்தில்தானே இருக்கிறது என்பார்கள். முதல் வரி யாருடையது என்பார்கள். அதுவும் இவனுடையதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் இடிப்பது நின்றிருந்தது.

---

நாலு மணிக்குப் பியூன் வந்தான். கூடவே ஞானதுரையும் வந்தார். பதிவேட்டின் மேல் ஒரு சீட்டை வைத்தார். 'இதில் உள்ள பதிவுகள் யாவும் என்னால் எழுதப்பட்டவை, சரியானவை' என்று அதில் டைப் அடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"மொதலாளி," என்றான் அம்புரோஸ். "அந்த நாப்பத்தோராம் பக்கத்துல..."

"என்ன?"

பியூன் வெளியே பார்த்துக் காதைக் குடைந்துகொண்டிருந்தான்.

"நாப்பத்தோராம் பக்கத்துல என்ன வே?" ஞானதுரையின் குரல் உயரவில்லை. "நான் எல்லாப் பக்கத்தையும் பாத்துட்டேன். கப்பல்காரன் வீட்டுல எல்லாம் நிரந்தரம்னு கோடு போட்டிருக்கீரு. ஒரு வருசம் கழிச்சி திரும்பவும் பேரச் சேத்திருக்கீரு. நிரந்தரமாப் போனவன் எப்படித் திரும்பி வந்தான்னு எவனாவது கேட்டா, அத்தன பொம்பளைகளும் ஆபீஸ் வாசல்ல நிக்கணும். எனக்கு அது வேண்டாம். உமக்கு வேணுமா?"

அம்புரோஸ் கையெழுத்துப் போட்டான்.

பியூன் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிராமைப் பிடிக்க ஓடினான். இவ்வளவுதான் என்பதுபோல ஞானதுரை அம்புரோஸின் தோளை ஒருமுறை தட்டினார்.

"பேரு லிஸ்ட் மறந்துறாதேயும். ஏழு மணிக்கு வாரேன்."

---

வீட்டுக்குப் போகும் வழியில் பஷீரின் சுவரில் யாரோ கரித்துண்டால் எழுதியிருந்தார்கள். மைமூன் செங்கல் துண்டால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மூன்று எழுத்து மட்டும் பாக்கி இருந்தது. என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அக்டோபர் மாதம் ஜெபமாலை மாதம். சாயங்காலம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் பெண்கள் கூடிச் சொல்வார்கள். இன்று அம்புரோஸ் வீட்டு முறை. நேற்று ரோஸ்மேரி வீட்டில் முப்பது பேர் இருந்தார்களாம். இன்று பதினொரு பேர். அடைக்கலமேரி முப்பது பேருக்குச் சுண்டல் செய்துவிட்டு, குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை வரும்னு வரலியோ இன்னாமோ," என்றாள்.

மழை இல்லை. கடல் பக்கம் மட்டும் வானம் கறுத்திருந்தது. மாதா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றினார்கள். ஜெபம் ஓடியது. அம்புரோஸ் சுவரோரம் நின்று, மற்றவர்கள் சொல்வதற்கு ஒரு வார்த்தை பின்னால் வந்துகொண்டிருந்தான். மைமூன் எப்போதும்போல வாசலுக்கு வெளியே, படியில் உட்கார்ந்திருந்தாள். ஜெபம் முடிந்ததும் சுண்டல் வாங்கிக்கொண்டு போவாள். பத்து வருஷமாக அப்படித்தான்.

ஜெபம் முடிந்து ஃப்ளோரா தன் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்து அந்தத் தாளை எடுத்தாள். மைப் பெட்டியைத் திறந்தாள். வந்தவர்களில் பாதிப் பேர் உடனே செருப்பைத் தேடினார்கள்.

"ரோஸ்மேரிக்கா, நீ நேத்தே போடறேன்னு சொன்ன."

"நேத்து சொன்னேன். காலீல என் தம்பி கடுதாசி வந்துச்சி. காஷ்மீர்ல ஐஸ்ல நின்னுகினு கீறான். வெரலு வெறைச்சி எழுத்தே கோணலா கீது. நான் இங்க குந்திகினு பாகிஸ்தான் போனவனுக்கு கைநாட்டு வெக்கறதா?"

"பஷீர் அண்ணன் ஆஸ்பத்திரியில கீறாரு. போவல. அங்க மாட்டிகினாரு."

"அத்த கெவர்மெண்டு பாத்துக்கும்."

"உன் தம்பி எதுக்குக்கா அங்க நிக்கறான்? இங்க கீறவங்க அவங்கவங்க வூட்ல இருக்கணும்னுதான?"

ரோஸ்மேரி வாசலில் உட்கார்ந்திருந்த மைமூனைப் பார்க்காமல் தாண்டினாள். "நீ டீச்சர். பேசுவ. போன வருசம் குழாய் டீச்சர். அடுத்த வருசம் ஜெயில் டீச்சர் ஆவாம பாத்துக்க."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் போன வழியில் கிரேன் ஓட்டும் மாரியப்பன் வந்தான். உள்ளே வரவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"டீச்சரம்மா, என் கைநாட்ட எடுத்துடு."

"ஏன் மாரியப்பா?"

"கார்டு பாக்க வர்றாங்களாம். என் கார்டுல எங்கம்மா பேரு இன்னும் கீது. செத்து ரெண்டு வருசமாவுது. உனுக்குத் தெரியாதா."

"யாரு வர்றாங்க? யாரு சொன்னது?"

"கல்மண்டபத்துல பேசிக்கறாங்க."

ஃப்ளோரா தாளை விளக்குப் பக்கம் திருப்பினாள். "பக்கத்துல எழுதிகீற பேருன்னா அடிச்சிடலாம். கைநாட்ட எப்டி அடிக்கறது? கிழிச்சா உன் மேல கீழ கீற எட்டுப் பேரும் சேர்ந்து கிழிஞ்சிடுவாங்க."

மாரியப்பன் தன் பெருவிரலைப் பார்த்தான். அது தன்னைக் கேட்காமல் எங்கோ போய் வந்துவிட்டதுபோல வெகுநேரம் பார்த்தான்.

"அப்போ இருந்துட்டு போவட்டும்," என்றான். "நான் வந்து கேக்கல. நீ யாராண்டயும் சொல்லாத."

கடைசியில் வீட்டுக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். மைமூன் இன்னும் படியில் இருந்தாள். அவளுக்குச் சுண்டல் கொடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"அறுபத்துமூணோட நின்னுடுச்சிண்ணே," என்றாள் ஃப்ளோரா. அவள் குரலில் முதல்முறையாகக் களைப்பு இருந்தது. "கார்டு கதைய யாரு கெளப்பி வுட்டாங்கன்னு தெரியல."

"மொதலாளிதான்," என்றான் அம்புரோஸ். "அறுபத்துமூணுன்னு அவருக்குத் தெரியும். பேரு லிஸ்ட் எழுதி வெக்கச் சொன்னாரு. ஏழு மணிக்கு வர்றாரு."

அடுப்படியில் அடைக்கலமேரியின் கரண்டி நின்றது.

அம்புரோஸ் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஃப்ளோராவும் திரும்பவில்லை. கரண்டி கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அசைந்தது, முன்னைவிட மெதுவாக.

"லிஸ்ட் குடுப்பியாண்ணே?"

அவன் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டான்.

"நீ இதுல இன்னும் போடல. உன் வேலைக்குன்னு நானும் கேக்கல. இப்ப கேக்கறேன். ரேஷன் கடைக்காரரே போட்டாருன்னா நாளைக்கு அதுக்கு ஒரு மதிப்பு." தாளை அவன் முன்னால் நகர்த்தினாள். "அப்புறம் நாளைக்கு அந்த ஆபீஸ்ல ஒரு கேள்வி கேக்கப் போறேன். அந்த நிரந்தரம்னு எழுதுன கை யாருதுன்னு. அந்தாளு மூஞ்சிய நான் ஒருவாட்டி பாக்கணும்."

"ஃப்ளோரா," என்றாள் அடைக்கலமேரி உள்ளே இருந்து. "அவர வுடு. வேலை போனா இன்னா பண்றது."

அம்புரோஸ் தாளைப் பார்த்தான். அறுபத்துமூன்று பெருவிரல்கள். எழுதத் தெரியாத சனங்களின் விரல்கள். ஒவ்வொன்றும் வேறு மாதிரி. ஒருவன் விரலை இன்னொருவன் எழுத முடியாது. எழுதத் தெரிந்த தன் கையைத்தான் யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்தான்.

பேனாவை வாங்கினான். பேர் மட்டும் எழுத ஏன் இவ்வளவு நேரம் என்று ஃப்ளோரா எட்டிப் பார்த்தாள். அவன் எழுதிக்கொண்டே இருந்தான். முடித்ததும் தாளை அவள் பக்கம் திருப்பிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் வகுப்பில் வாசிக்கும் பழக்கத்தில் சத்தமாகவே தொடங்கினாள்.

"நாற்பத்தோராம் பக்கத்தில் பஷீர் பேர்மேல் சிவப்புக் கோடு போட்டவன் நான். நிரந்தரம் என்றும் கராச்சி என்றும் எழுதியவனும் நான். அவர் கப்பல் வேலைக்குப் போனதாகத்தான் அவர் மனைவி சொன்னார்..."

குரல் நின்றது. மீதியை அவள் மனத்துக்குள் படித்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. 'அதற்குக் கீழே உள்ள வரி நான் எழுதியது அல்ல. பயந்து, இன்று மாலை அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். அ. அம்புரோஸ், ரேஷன் கடை குமாஸ்தா.'

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். நாளைக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்ன முகம்.

விளக்குத் திரி ஒருமுறை பொரிந்தது.

"கீழ இன்னா வரி?" என்று கடைசியில் கேட்டாள். "அதுல இன்னா எழுதிகீது?"

அதற்கு அவன் பதில் சொல்வதற்குள் வாசல் படியில் இருந்து மைமூன் எழுந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்தப் படிக்கு மேல் அவள் கால் வைத்ததில்லை. இப்போதும் வைக்கவில்லை.

"அப்போ நீ கப்பல்னு எழுதலியாண்ணே?"

"இல்லம்மா," என்றான் அம்புரோஸ்.

அவள் தலையை ஆட்டினாள். திட்டவில்லை, அழவில்லை. புரிந்தது என்பதுபோல மறுபடியும் ஆட்டினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சந்தின் முனையில் சைக்கிள் மணி அடித்தது. ஒருமுறை அடித்து, குழாயடியைத் தாண்டும்போது இன்னொருமுறை அடித்தது. பெண்களின் பேச்சு ஒவ்வொரு வீடாக அடங்கிக்கொண்டே வந்தது. சைக்கிள் வாசலில் நின்றது. ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"அம்புரோஸ், இருக்கீரா வே?"

ஃப்ளோரா தாளை எடுக்கக் கையை நீட்டினாள். அதற்கு முன் அடைக்கலமேரி அடுப்படியில் இருந்து வந்துவிட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் குனிந்து, மைப் பெட்டியில் பெருவிரலை அழுத்தி, கணவன் எழுதியதற்குக் கீழே, அவன் பேருக்கு ஒட்டினாற்போல அதை வைத்தாள். தேவைக்கு மேலேயே அழுத்தினாள். தாளை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள்.

"அண்ணி," என்றாள் ஃப்ளோரா மெதுவாக. "அறுபத்துமூணுன்னு அவருக்கு எப்டித் தெரிஞ்சிது?"

அடைக்கலமேரி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒருக்களித்திருந்த வாசல் கதவை முழுக்கத் திறந்துவிட, அவள் வலது கையை நீட்டிக்கொண்டு போனாள். பெருவிரலில் மை இன்னும் காயவில்லை.